வாசலுக்கு வெளியே தொடங்கும் விமான நிலையம்

திருச்சி விமான நிலையத்தை வளர்த்தது யார் என்று கேட்டால், பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி, கூத்தாநல்லூர், ஜெயங்கொண்டம், காரைக்குடி என்று ஊர்ப்பெயர்களாகத்தான் எனக்குச் சொல்ல வரும். திருச்சி நகரம் அந்த வரிசையில் கொஞ்சம் பின்னால்தான் நிற்கும். இந்தியாவில் பெரும்பாலான விமான நிலையங்கள் உள்நாட்டுப் பயணிகளை நம்பி நடக்கின்றன. திருச்சியில் வெளிநாட்டுப் பயணிகள்தான் பல ஆண்டுகளாக அதிகம். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்ப்பவர், கோலாலம்பூரில் உணவகத்தில் நிற்பவர், துபாயில் லாரி ஓட்டுபவர், அவர்களைப் பார்க்கப் போகிற அம்மா அப்பா, மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிற பாட்டி. இவர்களுடைய டிக்கெட் காசுதான் அந்த ஓடுதளத்தை இத்தனை காலம் காப்பாற்றி வந்திருக்கிறது.

2024 ஜனவரி 2 அன்று பிரதமர் அங்கே புதிய முனையத்தைத் திறந்து வைத்தார். ஜூன் 11 முதல் விமானங்கள் அங்கிருந்து இயங்கத் தொடங்கின. செலவு 1,100 கோடி ரூபாய்க்கு மேல். பரப்பளவு 75,000 சதுர மீட்டர். ஆண்டுக்கு 44 லட்சம் பேரைக் கையாளலாம், நெரிசல் நேரத்தில் ஒரே சமயத்தில் 3,500 பேர் உள்ளே இருக்கலாம் என்பது கணக்கு. முகப்பில் ஸ்ரீரங்கம் கோபுரத்தின் சாயல், உள்ளே சுவரெல்லாம் ஓவியம். முதல் தடவை பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. 2009-ல் திறந்த பழைய முனையத்தில் நள்ளிரவில் இரண்டு மூன்று விமானங்கள் ஒன்றாக வந்து இறங்கினால் குடிநுழைவு வரிசை எப்படி நெளியும் என்று பார்த்தவர்களுக்கு, இந்த விசாலத்தின் அருமை தெரியும். உழைத்துக் களைத்து வருகிறவனுக்கும் கௌரவமான ஒரு கூடம் வேண்டும்.

ஆனால், ஒரு வட்டாரத்தின் பொருளாதாரம் முனையக் கட்டடத்தால் வளர்வதில்லை. அந்தக் கட்டடத்துக்குள் எந்தெந்த விமானம் வரலாம் என்ற அனுமதி, வெளியே வந்த மனிதன் எதில் ஏறி வீட்டுக்குப் போகிறான், தோட்டத்தில் பறித்த காய் எத்தனை மணி நேரத்தில் விமானத்தின் வயிற்றுக்குள் போகிறது, இவற்றால்தான் வளர்கிறது. திருச்சியில் கட்டடம் முந்திவிட்டது. மற்றவை பின்னால் வருகின்றன. இந்தப் பதிவு அந்த மற்றவை பற்றியது.

கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். எங்கள் பகுதியிலிருந்து கடல் தாண்டிப் போவது புதிதல்ல. எங்கள் வீட்டில் பெரிய தாத்தா பினாங்குக்குப் போனவர். அவர் காலத்தில் வாசல் நாகப்பட்டினம். சென்னையிலிருந்து புறப்படும் கப்பல் நாகையில் ஆளேற்றிக்கொண்டு பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று போகும். கடைசியாக அந்தத் தடத்தில் ஓடிய பெரிய பயணிகள் கப்பல் எம்.வி. சிதம்பரம். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பிடித்தது. பலர் இறந்தார்கள். அதோடு அந்தக் கப்பல் பயணமும் முடிந்துபோனது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் "சிதம்பரம் கப்பல்" என்றுதான் பேசுவார்கள்.

நாகப்பட்டினத்திடமிருந்து திருச்சி இரண்டு பெரிய விஷயங்களை வாங்கிக்கொண்டது. 1920களின் இறுதியில் தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகையிலிருந்து பொன்மலைக்கு வந்தது. அப்புறம் கப்பல் நின்றதும் பயணிகள் வந்தார்கள். பணிமனை போன பிறகும் கப்பல் போன பிறகும் நாகை பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. ஒரு போக்குவரத்து வாசல் இடம் மாறினால் ஒரு வட்டாரத்துக்கு என்ன ஆகும் என்று படிக்க விரும்புகிறவர்கள் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. நாகை கடைத்தெருவில் நடந்தால் போதும். திருச்சிக்கு வானவழி அதற்கு வெகு முன்பே இருந்தது. 1930களின் பிற்பகுதியிலேயே டாட்டாவின் தபால் விமானம் திருச்சி வழியாகக் கொழும்பு போயிருக்கிறது. பிற்பாடு இலங்கை விமானங்கள் பல பத்தாண்டுகள் இங்கே வந்து போயின. ஆனால், அது சிறிய நிலையமாகவேதான் இருந்தது.

அது பெரிதானதற்குக் காரணம் ஒரு கையெழுத்து. 2003-ல் இந்திய அரசு தென்கிழக்கு ஆசியாவின் ஆசியான் கூட்டமைப்பு நாடுகளின் விமான நிறுவனங்களுக்கு ஒரு சலுகை தந்தது. நாட்டில் 18 நகரங்களுக்கு, வாரத்துக்கு இத்தனை விமானம்தான் என்ற கட்டுப்பாடு இல்லாமல் நீங்கள் பறக்கலாம் என்றது. புத்த கயா யாத்திரைக்காகக் கயா, கடற்கரைக்காகக் கோவா என்று சுற்றுலாவை மனதில் வைத்துப் போட்ட பட்டியல் அது. அதில் திருச்சிராப்பள்ளியும் இருந்தது. மதுரையும் கோவையும் இல்லை. ஸ்ரீரங்கத்தையும் தஞ்சாவூரையும் நினைத்து யாரோ எழுதிச் சேர்த்த பெயர், பட்டுக்கோட்டைத் தொழிலாளிக்குப் பயன்பட்டது. 2008 இறுதியில் ஏர்ஏசியா கோலாலம்பூரிலிருந்து வந்தது. சிங்கப்பூரிலிருந்து மலிவுக்கட்டண விமானங்கள் வந்தன. மலேசியாவின் இன்னொரு நிறுவனம் வந்தது. சென்னைக்கு ராத்திரி பஸ் ஏறி, விடியும்வரை மீனம்பாக்கத்தில் உட்கார்ந்திருந்து விமானம் பிடித்த தலைமுறை அதோடு முடிந்தது. 2012 அக்டோபரில் திருச்சி முறைப்படி சர்வதேச விமான நிலையம் என்று அறிவிக்கப்பட்டபோது, சர்வதேசம் இங்கே வந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

கிழக்கே திறந்த கதவு மேற்கே திறக்கவில்லை. வளைகுடா நாடுகளோடு இந்தியா செய்துகொண்ட இருதரப்பு விமானப் போக்குவரத்து ஒப்பந்தங்களில், அந்த நாட்டு நிறுவனங்கள் எந்தெந்த இந்திய நகரங்களுக்கு வரலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் சென்னை, கொச்சி, திருவனந்தபுரம் எல்லாம் உண்டு. திருச்சி இல்லை. அதனால் எமிரேட்ஸோ ஃப்ளை துபாயோ விரும்பினாலும் திருச்சிக்கு வர முடியாது. இந்திய நிறுவனங்கள் போகலாம். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் போகிறது. ஆனால், தேவைக்கு அது போதவில்லை. அதனால் நம் ஆட்கள் கொழும்பு சுற்றிப் போகிறார்கள், சென்னைக்குப் போய் ஏறுகிறார்கள், கொச்சிக்கும் போகிறார்கள்.

எவ்வளவு பேர் என்ற கேள்வி வரும். 2015-ல் எஸ். இருதய ராஜன் முதலிய ஆய்வாளர்கள் நடத்திய தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டார் சுமார் 22 லட்சம் என்று மதிப்பிட்டது. அதில் முதலிடம் சிங்கப்பூருக்கு, ஏறக்குறைய 4 லட்சம். இரண்டாவது ஐக்கிய அரபு அமீரகம். அதுவும் ஏறக்குறைய அதே அளவுதான். இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கையில் நம் ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்றுக்கு அந்த நாட்டு விமானம் வீட்டுப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இன்னொன்றுக்கு வருவதற்கே தடை.

தடைக்கு ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. வளைகுடா நிறுவனங்களை எல்லா ஊருக்கும் விட்டால், அவர்கள் இந்தியப் பயணிகளைத் துபாய்க்கும் தோகாவுக்கும் அள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பிச் சம்பாதிப்பார்கள். நம் நிறுவனங்கள் வளராது என்பது அது. லண்டன் போகிறவருக்கு இது பொருந்தலாம். துபாயிலேயே இறங்கி, துபாயிலேயே இரண்டு வருடம் வேலை பார்த்துத் திரும்புகிற ஒரத்தநாட்டுக்காரருக்கு இது எப்படிப் பொருந்தும்? அவர் எந்த நாட்டு விமானத்தில் போனாலும் இறங்கும் இடம் ஒன்றுதான். கூடுதல் காசும் கூடுதல் இரவும் அவருடைய கணக்கில் விழுகின்றன. அமீரகத்துடனான ஒப்பந்தத்தில் வாரத்துக்கு இத்தனை இருக்கைகள் என்று ஓர் உச்சவரம்பும் இருக்கிறது. துபாய்க்கு மட்டும் ஒவ்வொரு தரப்புக்கும் சுமார் 66,000. 2014-ல் போட்ட கணக்கு அது. அந்த இருக்கைகளைப் பெருநகரங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. திருச்சி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வேறு வேறு கட்சிக்காரர்களாக மாறி மாறி வந்தாலும் இந்தக் கோரிக்கையை மட்டும் கைமாற்றிக்கொண்டு வருகிறார்கள். நல்லது. ஆனால், இது திருச்சி எம்.பி.யின் வேலை மட்டுமல்ல. தஞ்சாவூர், நாகை, சிவகங்கை, பெரம்பலூர், ராமநாதபுரம் எல்லோருடைய வேலையும்தான்.

சரி, இந்தப் பயணிகளால் வட்டாரத்துக்கு என்ன கிடைத்தது? விமான நிலையத்தைச் சுற்றிச் செம்பட்டிலும் குண்டூரிலும் பார்த்தால் விடுதிகளும் உணவகங்களும் வாடகைக் கார்களும் தெரியும். அது சின்னப் பகுதி. பெரிய பகுதி நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பேராவூரணியிலும் அதிராம்பட்டினத்திலும் மாடி வீடுகள், நாணயமாற்றுக் கடைகள், டிராவல்ஸ், நகைக்கடைகள், பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் தனியார் பள்ளிகள். வெளிநாட்டுப் பணம் எங்கள் பகுதியில் காவிரி தண்ணீர் வராத ஆண்டுகளைக் கடத்திவிட்டிருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, எத்தனை வீட்டில் மகனின் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். தென்னங்கன்று காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும். சிங்கப்பூர் சம்பளம் அடுத்த மாதமே வரும்.

இதை ஒட்டி ஒரு தொழிலே வளர்ந்திருக்கிறது. சிங்கப்பூர் கட்டுமான வேலைக்குப் போக வேண்டுமானால் இங்கேயே ஒரு திறன் தேர்வில் தேற வேண்டும். அதைப் பையன்கள் "டெஸ்ட் அடிக்கிறது" என்பார்கள். திருச்சி, புதுக்கோட்டை பக்கம் அதற்கான பயிற்சிக் கூடங்கள் இருக்கின்றன. கொட்டகைக்குள் கம்பி கட்டுவது, ஓடு பதிப்பது, குழாய் இணைப்பது, மின்கம்பி இழுப்பது. வட்டாரப் பொருளாதாரம் பற்றிப் பேசும்போது யாரும் இதைச் சொல்வதில்லை. எனக்கு இதுதான் முதலில் தோன்றும். இந்த வட்டாரத்தின் முதல் ஏற்றுமதி வேலை தெரிந்த இளைஞன். அந்தக் கூடங்களில் கற்ற வேலைக்கு இங்கேயே நல்ல கூலி கிடைக்கும்படி ஏதாவது செய்ய முடியுமா என்பதை அரசாங்கம் யோசித்திருக்க வேண்டும். துவாக்குடியில் பெல் (BHEL) நிறுவனத்தைச் சுற்றி ஒரு காலத்தில் சின்னச் சின்னப் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் தழைத்தன. அங்கே வெல்டிங் கற்றவர்கள் பலரும் பட்டறைகளுக்கு ஆர்டர் குறைந்த நாட்களில் இதே விமான நிலையம் வழியாகத்தான் வெளியேறினார்கள்.

ஆளுக்கு அடுத்தது சரக்கு. திருச்சியிலிருந்து போகும் சரக்கில் பெரும்பகுதி வாடிப்போகும் சரக்கு. கறிவேப்பிலை, முருங்கைக்காய், வெற்றிலை, வாழைப்பழம், வாழையிலை, பூ, கீரை. காலையில் பறித்து, மதியம் தரம் பிரித்து அட்டைப்பெட்டியில் அடைத்து, பயிர்ப் பாதுகாப்புச் சான்று வாங்கி, சுங்கம் முடித்து, ஊடுகதிர் சோதனைக்கு ஏற்றி, ராத்திரி விமானத்தில் போனால் மறுநாள் காலை சிங்கப்பூர் தேக்கா சந்தையில் விற்பனைக்கு இருக்கும். தனிச் சரக்கு விமானம் இதற்குக் கிடையாது. பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில் மிச்சமிருக்கும் இடம்தான். மேலே உட்கார்ந்து போகிறவரின் தம்பி பறித்த கறிவேப்பிலை கீழே போகிறது என்றுகூடச் சொல்லலாம், பல நாட்களில் அது நிஜமாகவே இருக்கும்.

மிச்சமிருக்கும் இடம் என்பதில்தான் சிக்கல். நம் ஆட்கள் கை வீசிக்கொண்டு போகிறவர்கள் இல்லை. புளி, மிளகாய்த்தூள், ஊறுகாய், முறுக்கு, பக்கத்து அறைப் பையனுக்கு அவன் அம்மா கொடுத்துவிட்ட பொட்டலம் என்று கொடுத்த எடை முழுவதையும் கட்டிக்கொண்டு போவார்கள். விமானம் நிறைந்தால் பெட்டிகளே அடிவயிற்றை நிரப்பிவிடும். அன்றைக்குச் சரக்கு நிற்கும். காய்கறி அனுப்புகிற எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர், ஒரு மாலை என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசியில் செய்தி வந்தது. "அண்ணே, இன்னைக்கு ஆளு ஃபுல்லாம். நம்ம பெட்டியில பாதி ஆஃப்லோடு" என்றார். அவர் முகத்தில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. பழகிவிட்டது. ஆனால், முருங்கைக்காய் அனுப்பிய விவசாயிக்கு அன்றைய விலை பாதி போச்சு. குளிர்பதன அறையில் ஒரு நாள் தாங்கும் சரக்கு உண்டு, பூ தாங்காது.

இங்கேதான் ஓடுதளம் வருகிறது. இப்போதைய நீளம் 8,136 அடி. பெரும்பாலும் ஒற்றை நடைபாதை கொண்ட நடுத்தர விமானங்கள்தான் வந்து போகின்றன. அகன்ற உடல் கொண்ட பெரிய விமானம் முழுச் சுமையோடு நீண்ட தூரம் போக வேண்டுமானால் இன்னும் நீளம் வேண்டும். பெரிய விமானம் வந்தால் பயணிகளின் பெட்டிக்குப் போக டன் கணக்கில் சரக்குக்கு இடம் கிடைக்கும். அதனால் ஓடுதள நீட்டிப்பை நான் தொழிலதிபர்களின் கோரிக்கையாகப் பார்க்கவில்லை. தொட்டியம் வாழைக்காரரும் பெரம்பலூர் சின்ன வெங்காயக்காரரும் கேட்க வேண்டிய கோரிக்கை அது. நிலமெடுப்பு பல ஆண்டுகளாக இழுபடுகிறது. ஒரு பகுதி பாதுகாப்புத் துறை நிலம். ஒரு பகுதி மக்கள் வாழும் இடம், பட்டா நிலம். பாதுகாப்புத் துறையோடு பேசி முடிப்பதில் காட்டும் பொறுமையில் பாதியாவது வீடு இழக்கிறவர்களிடமும் காட்ட வேண்டும். இழப்பீட்டை முதலில் கொடுத்துவிட்டு அளவுக்கல் நட்டால் பாதிச் சண்டை குறையும் என்பது என் கருத்து.

1993-ல் திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் வந்தது. வாழையைத் தார் சேதமில்லாமல் அறுப்பது, கழுவுவது, சீப்பு பிரித்து அடைப்பது, எந்த வெப்பநிலையில் வைப்பது எல்லாவற்றுக்கும் அங்கே அறிவு இருக்கிறது. அந்த அறிவுக்கும் விமான நிலையத்தின் குளிர் அறைக்கும் நடுவில், தோட்டத்து ஓரத்தில் ஒரு சிப்பம் கட்டும் கூடமும் குளிரூட்டிய வண்டியும்தான் குறைகின்றன. முசிறியில் ஒன்று, பெரம்பலூரில் ஒன்று, பட்டுக்கோட்டையில் ஒன்று என்று ஆரம்பித்தாலே வித்தியாசம் தெரியும். 1,100 கோடிக்குப் பக்கத்தில் அந்தச் செலவு கண்ணுக்கே தெரியாது.

இப்போது மனிதர்கள் வீட்டுக்குப் போகும் வழி. வெளிநாட்டு விமானங்களில் நிறைய இரவிலும் விடியற்காலையிலும் வந்து போகின்றன. எங்கள் பக்கத்திலிருந்து ஆளை ஏற்றிவிடப் போவதென்றால் வேன் பிடித்துத்தான் போவோம். பேராவூரணி, அறந்தாங்கி, புதுக்கோட்டை, கீரனூர், மாத்தூர், அப்புறம் விமான நிலையம். போகிறவர் ஒருவர், வழியனுப்ப ஏழெட்டுப் பேர். திரும்பும்போது அதிகாலை கீரனூரில் டீக்கடையில் வண்டி நிற்கும். அம்மாவும் மனைவியும் வண்டியைவிட்டு இறங்க மாட்டார்கள். அந்த வேன் வாடகை சில சமயம் விமான டிக்கெட்டில் பாதியைத் தொட்டுவிடும்.

இதை வெறும் பாசம் என்று விட்டுவிடக் கூடாது. நம்பி ஏறக்கூடிய பொதுப் போக்குவரத்து அந்த நேரத்தில் இருந்தால் பாதிப் பேர் வேன் பிடிக்க மாட்டார்கள். புதுக்கோட்டைப் பேருந்துகள் பகலில் விமான நிலையத்தின் எதிர்ச் சாலையிலேயே போகின்றன. ஆனால், முனையம் சாலையிலிருந்து உள்ளே இருக்கிறது. முப்பது கிலோ பெட்டியோடும் கைப்பையோடும் சாலைவரை நடப்பது எளிதில்லை. முனையத்தின் வாசலிலிருந்தே, விமானம் இறங்கும் நேரத்தை ஒட்டி, பெட்டி வைக்க இடமுள்ள பேருந்து ஒன்று புதுக்கோட்டை வழியாக அறந்தாங்கிக்கும், இன்னொன்று தஞ்சாவூர் வழியாகப் பட்டுக்கோட்டைக்கும், மற்றொன்று அரியலூர் வழியாக ஜெயங்கொண்டத்துக்கும் போகலாம். கோலாலம்பூர் விமானம் தாமதமானால் பேருந்தும் காத்திருக்க வேண்டும். கால அட்டவணையை விமானத்தோடு கட்டிப் போடுவதுதான் இதில் முக்கியம். மற்றபடி இதற்குப் புதுச் சாலையோ புதுப் பாலமோ தேவையில்லை.

2025-ல் பஞ்சப்பூரில் மதுரை நெடுஞ்சாலையை ஒட்டிப் பெரிய ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறந்தார்கள். தஞ்சை நெடுஞ்சாலையில் துவாக்குடியிலிருந்து புதுக்கோட்டைச் சாலையில் மாத்தூர் வழியாகப் பஞ்சப்பூர் வரும் அரைவட்டச் சாலையும் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. இரண்டையும் வரைபடத்தில் பார்த்தால் விமான நிலையம் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. தஞ்சையிலிருந்து வருகிற வண்டி இனி நகரத்துக்குள் நுழைந்து டி.வி.எஸ். டோல்கேட்டில் மூச்சுத் திணற வேண்டியதில்லை. பஞ்சப்பூருக்கும் விமான நிலையத்துக்கும் இடையே இரவு பகலாகச் சுற்றும் பேருந்துகள் நிறைய ஓடினால், மதுரை, திண்டுக்கல், கரூர் பக்கத்து மக்களுக்கும் இது அருகாமை நிலையமாகிவிடும்.

அந்த அரைவட்டச் சாலை பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது பல ஆண்டுகள் பாதியில் கிடந்தது. பாதை பல ஏரிகளின் வழியே போனதால் விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்த்தது சரிதான். ஏரிக்குள் மண் கொட்டிச் சாலை போட்டால் பாசனப் பரப்பு போகும், மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வரும். தாமதத்துக்கு அவர்களைக் குறை சொல்வதைவிட, முதலில் கோடு போட்டபோதே ஏரியைக் கோடாகப் பார்க்காமல் ஏரியாகப் பார்த்திருக்கலாம். இப்போது மாத்தூர், கும்பக்குடி, நாவல்பட்டுப் பக்கம் மனைப்பிரிவுக் கொடிகள் பறக்கின்றன. வரத்து வாய்க்கால்கள் அந்த மனைகளுக்கு அடியில் போய்விடாமல் பார்ப்பது வருவாய்த் துறையின் அன்றாட வேலையாக வேண்டும்.

ரயில் இன்னும் சுலபமான வாய்ப்பு. திருச்சி–புதுக்கோட்டை–மானாமதுரை பாதை விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான் போகிறது. குமாரமங்கலம் என்று ஒரு சிறிய நிலையம் இருக்கிறது. அதை விமான நிலையத்துக்கான நிறுத்தமாக வளர்த்து, நடைமேடையிலிருந்து முனையத்துக்கு ஒரு சிற்றுந்து விட்டால் புதுக்கோட்டை, காரைக்குடி, சிவகங்கை, ராமநாதபுரம் நேரடியாக இணையும். பட்டுக்கோட்டைக்காரருக்கு ரயில் என்றாலே ஏமாற்றம்தான் நினைவுக்கு வரும். திருவாரூர்–காரைக்குடிப் பாதையை அகலப்பாதையாக்க வருடக்கணக்கில் மூடி வைத்தார்கள். 2019-ல் முழுப்பாதையும் திறந்தபோது கேட் கீப்பர்கள் இல்லை. ரயிலிலேயே வருகிற ஊழியர் இறங்கிக் கேட்டை மூடி, ரயில் கடந்ததும் திறந்துவிட்டு மறுபடி ஏறுவார். 150 கிலோமீட்டருக்கு அரை நாள் ஆனது. கோடிகளைப் போட்டுத் தண்டவாளம் போட்டவர்கள் கேட் கீப்பர் சம்பளத்தில் தடுக்கி விழுந்தார்கள். திருச்சி முனையத்தைப் பார்க்கும்போது எனக்கு இந்தப் பாதைதான் நினைவுக்கு வருகிறது.

வட கரோலினாவைச் சேர்ந்த பேராசிரியர் ஜான் கசார்டா, விமான நிலையத்தை நடுவில் வைத்து அதைச் சுற்றி நகரம் வளரும் என்று ஒரு கோட்பாட்டைப் பல காலமாகச் சொல்லி வருகிறார். நம் ஊரிலும் திட்ட அறிக்கைகளில் அந்த வாசனை அடிக்கிறது: விடுதி, மாநாட்டு மண்டபம், கிடங்கு, தொழில்நுட்பப் பூங்கா. அமெரிக்காவின் மெம்பிஸுக்கு அது பொருந்தும்; ராத்திரி முழுக்கப் பார்சல் விமானங்கள் இறங்கும் ஊர் அது. திருச்சியின் நிலையத்துக்கு வேர்கள் நாலாபக்கமும் நூறு கிலோமீட்டர் ஓடுகின்றன. சுற்றியுள்ள பத்து கிலோமீட்டரில் கண்ணாடிக் கட்டடம் கட்டுவதை அதற்கு ஈடாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தொழில்நுட்பப் பூங்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. நாவல்பட்டு எல்காட் பூங்கா 2010-ல் வந்தது. பல காலம் மந்தமாக இருந்து மெல்லத்தான் நிரம்பியது. பஞ்சப்பூரில் டைடல் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அங்கே வேலை பார்க்கப் போகிறவர்களுக்குக் காலையில் பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ போய் ராத்திரி திரும்புகிற மாதிரி உள்நாட்டு விமானம் வேண்டும். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் பொறியியல் படித்த பிள்ளைகளைச் சென்னைக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்ள அதுவும் ஒரு வழி.

கொச்சியைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. நெடும்பாசேரி விமான நிலையம் 1999-ல் திறந்தது. அரசாங்கத்திடம் போதிய பணம் இல்லை. வெளிநாட்டில் வேலை பார்த்த மலையாளிகளிடம் பங்கு விற்றார்கள். 30 நாடுகளிலிருந்து சுமார் 10,000 பேர் பணம் போட்டார்கள். துபாயில் கார் ஓட்டினவரும் அந்த ஓடுதளத்தில் பங்குதாரர் ஆனார். 2015-ல் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் முதல் விமான நிலையம் என்று அது உலகம் முழுக்கப் பேசப்பட்டபோது, லாபத்திலும் பெருமையிலும் அவர்களுக்குப் பங்கு இருந்தது. எங்கள் பகுதியில் அதே உழைப்பு, அதே வியர்வை. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. சிப்பம் கட்டும் கூடங்களுக்கும் குளிர் வண்டிகளுக்கும் அந்த வழியில் பங்கு திரட்டினால் பேராவூரணிக்காரர்கள் போடுவார்கள் என்று நான் நம்புகிறேன். கோயில் திருப்பணிக்கும் பள்ளிவாசலுக்கும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் சிங்கப்பூரிலிருந்து வசூலித்து அனுப்பிப் பழகியவர்கள் அவர்கள்.

இன்னொன்றையும் சேர்த்தே எழுத வேண்டும். விமான நிலையத்துக்கு அருகில் கொட்டப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. கொழும்பு விமானம் அவர்கள் தலைக்கு மேலேதான் போகிறது. அங்கே பிறந்து வளர்ந்து பட்டம் வாங்கிய பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பாஸ்போர்ட் கிடையாது. சுற்றுவட்டார வளர்ச்சி என்று கணக்குப் போடும்போது மிக அருகில் இருக்கிறவர்களை விட்டுவிட்டு நூறு கிலோமீட்டர் தாண்டிப் பேசுவது எனக்கே உறுத்துகிறது. நாவல்பட்டுப் பூங்காவிலும் சரக்கு முனையத்திலும் அந்தப் பிள்ளைகளுக்கு முறையான வேலைக்கு வழி இருக்க வேண்டும்.

இதையெல்லாம் ஒரே நாளில் செய்ய முடியாது என்று எனக்கும் தெரியும். ஓடுதளத்துக்கு ஆண்டுகள் ஆகும். ஒப்பந்தப் பட்டியலில் பெயர் சேர டெல்லியும் அபுதாபியும் உட்கார்ந்து பேச வேண்டும். பேருந்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. அரசுப் போக்குவரத்துக் கழகத்திடம் வண்டி இருக்கிறது, விமான நேர அட்டவணை எல்லோருக்கும் தெரியும், பயணிகள் யார், எந்த ஊர் என்பதும் தெரியும். புதுக்கோட்டை, அறந்தாங்கி, பேராவூரணி தடத்தில் இரவு ஒரு வண்டி, விடியற்காலை ஒரு வண்டி விட்டுப் பார்க்கலாம். வரும் பொங்கலுக்கு முன்பே ஆரம்பிக்கலாம். அப்போதுதான் ஊருக்கு வருகிறவர்கள் அதிகம்.